அம்மா பதில் போடச் சொன்ன புத்தகம்

எஸ்.எஸ்.எல்.சி.யில் எனக்குக் கணக்கு போய்விட்டது. அன்று அப்பா திட்டவில்லை. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் பரீட்சை எழுதியதில்லை. "நாளைக்கு நாத்துப் பறிக்க வர்றியா?" என்று மட்டும் கேட்டார். என்னைக் கைவிட்டுவிட்டார் என்றே நினைத்தேன். செப்டம்பரில் மறுபடி எழுதலாம் என்று பள்ளியில் சொன்னார்கள். எனக்குத்தான் தெம்பில்லை.

குறுவை நடவு முடிந்ததும், வேலை இல்லாத நாட்களில் காரைக்காலுக்குப் போய் நூலகத்தில் உட்கார்ந்துகொள்வேன். படிக்கிற ஆசையால் அல்ல. எங்கள் ஊர் விழிதியூரில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் "என்ன தம்பி, ரிசல்ட்டு என்னாச்சு?" என்று கேட்டார்கள். நூலகத்தில் அந்தத் தொல்லை இல்லை. அங்கேதான் ஒருவர் தன் வாழ்க்கையைத் தானே எழுதிய புத்தகம் கைக்குக் கிடைத்தது. சின்ன வயதில் ஓட்டலில் மாவாட்டிக்கொண்டே படித்தவர். வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

எங்கள் வீட்டில் அதுவரை உரக்கப் படித்ததெல்லாம் சிங்கப்பூரிலிருந்து மாமா போடும் கடிதங்கள்தான். நான் படிப்பேன், அம்மா கேட்பாள், முடிந்த கையோடு அவள் சொல்லச் சொல்லப் பதில் எழுதுவேன். புத்தகத்தோடு உட்கார்ந்ததும், முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மா கேட்டாள்.

"யாரு போட்டது?"

"கடுதாசி இல்லம்மா. ஒருத்தரு தன் கதைய எழுதியிருக்காரு."

"நமக்கா?"

"எல்லாருக்கும்."

"அப்ப நமக்குந்தான். படி."

மாவாட்டி மாவாட்டி அவர் கை கொப்புளித்த இடத்தில் அம்மா உச்சுக் கொட்டினாள். மறுநாள் களையெடுத்துவிட்டு வந்து நான் கால் கழுவுவதற்குள், "அந்தத் தம்பிக்குக் கை ஆறிடுச்சா?" என்றாள்.

"ஒம் புள்ளைக்குக் கை காச்சுப் போயிருக்கு, மொதல்ல அதக் கேளு" என்றார் அப்பா.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம், ஒரு பக்கத்தைத் திருப்பியதும் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

"ஏன்டா நிறுத்திட்ட?"

"ஃபெயிலாயிட்டாராம்."

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்தார். "அப்பறம் என்ன பண்ணாராம்?"

"மறுபடி எழுதினாராம். அதுவும் போயிருக்கு. திரும்பவும் எழுதியிருக்காரு."

"மறுபடி எழுத வுடுவாங்களா?"

"வுடுவாங்கப்பா. செப்டம்பர்ல."

"ஒன்னயுமா?"

தலையாட்டினேன். அப்பா என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "ஒரு தடவதான் வுடுவாங்கன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன். போனது போச்சு, கேட்டா புள்ள மனசு கஷ்டப்படும்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன்டா. நாளையிலேந்து நீ வயலுக்கு வராத."

அந்த மனிதர் தன் தோல்வியை மறைக்காமல் எழுதி வைத்திருந்ததால்தான் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே வந்தது. அதன் பிறகு எத்தனையோ பேரின் வாழ்க்கைக் கதைகளைப் படித்துவிட்டேன். பெரிய பதவிக்கு வந்த அத்தியாயங்களை வேகமாகத் தாண்டிவிடுவேன். பட்டினி கிடந்ததை, அவமானப்பட்டதை, வழி தெரியாமல் நின்றதை நிதானமாகப் படிப்பேன். வழி சொல்ல ஆளில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அவைதான் உதவின. இன்று நான் பார்க்கிற வேலைக்கு ஒரு பரீட்சை இருக்கிறது என்பதே அப்படி ஒரு புத்தகத்தில் படித்துத் தெரிந்ததுதான்.

அந்த முதல் புத்தகத்தைப் படித்து முடித்த அன்று அம்மா, "அந்தத் தம்பிக்கு ஒரு பதில் போட்டுடு, போடலன்னா நல்லாருக்காது" என்றாள். அவர் காலமாகிவிட்டார் என்று முன்பக்கத்திலேயே அச்சிட்டிருந்தது. சொல்ல மனம் வரவில்லை. "பாஸ் பண்ணிட்டுப் போடுறேம்மா" என்றேன்.

செப்டம்பரில் எழுதினேன். தேறிவிட்டேன். ஓடி வந்து சொன்னதும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்பவாச்சும் அவருக்கு எழுது" என்றாள். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னேன். சொந்தத்தில் யாரோ போய்விட்ட மாதிரி உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "அவரு வீட்டுல யாராச்சும் இருப்பாங்கல்ல?" என்றாள்.

பதிப்பகத்தின் முகவரிக்கு ஒரு கார்டு எழுதினோம். வழக்கம்போல அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இங்கு அனைவரும் நலம், அங்கு அனைவரின் நலமறிய ஆவல் என்று தொடங்கி, கடைசியில் அவள் சொன்னாள்: "ஒங்க வீட்டுப் பெரியவரு பட்ட கஷ்டத்தையெல்லாம் கேட்டோம். எங்க புள்ள பாஸாயிட்டான்."