உரக்கப் படித்த வாக்குமூலம்

ரெவின்யூ இன்ஸ்பெக்டராக நான் விசாரித்த முதல் ஊனமுற்றோர் பென்சன் மனுவிலேயே ஒரு வீட்டைப் பிரித்துவிட்டேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் பிற்பாதி. கோவில்பட்டி தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்து, அப்போதுதான் ஆர்.ஐ. ஆகியிருந்தேன். குடும்பம் தஞ்சாவூர்ப் பக்கம். நான் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு அறையில் ஸ்டவ் வைத்துப் பொங்கித் தின்றுகொண்டிருந்தேன். ஆபீஸ் விட்டால் பேச ஆள் கிடையாது. அதனால் வேலையை வேகமாக முடிப்பேன். வேகம்தான் திறமை என்ற நினைப்பும் இருந்தது.

மனு போட்டவர் பெயர் சுப்பையா. இடைசெவலுக்குத் தெற்கே ஒரு கரிசல் ஊர். வயது நாற்பதுக்கு மேல். கல்யாணம் ஆகவில்லை. கிணறு வெட்டும்போது வேட்டு முந்தி வெடித்து இரண்டு கண்ணும் போய்விட்டது. தம்பி ராமசாமியின் வீட்டில் இருந்தார். மனு எழுதியதும், பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போய் டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கியதும் தம்பிதான்.

டாக்டர் சர்ட்டிபிகேட் மட்டும் போதாது. மனுதாரரை ஆதரிக்க யாரும் இல்லை என்று ஆர்.ஐ. ஸ்தல விசாரணை செய்து எழுத வேண்டும். அதற்காகச் சைக்கிளில் போனேன்.

சுப்பையா வாசல்படிக்கு உட்புறம் உட்கார்ந்து தம்பி குழந்தையின் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார். வாசலில் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். கூட வந்த கிராம முன்சீப், ராமசாமியை முன்கூட்டியே எச்சரித்தார்.

"ஏலே, நல்லாக் கேட்டுக்கோ. சோறு போடுதேன்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா மனு தள்ளுபடி."

நான் கேட்டேன். "அண்ணனுக்குச் சாப்பாடு யாரு போடுறது?"

"நான் போடலை சார். அக்கம்பக்கத்துல வாங்கித் திங்காரு."

"இனிமே நீங்க பாத்துக்குவீங்களா?"

ராமசாமி வாசல்படியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "இல்ல சார். எனக்கும் அவருக்கும் ஒண்ணும் கிடையாது."

உள்ளே தொட்டில் கயிற்றின் சத்தம் நின்றது. நின்றதைக் கவனித்தேன். எழுதுவதை நிறுத்தவில்லை.

வாக்குமூலத்தைப் படித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்க வேண்டும். உரக்கப் படித்தேன்: "சுப்பையா என் உடன்பிறந்த அண்ணன். அவருக்கு நான் எந்த ஆதரவும் தரவில்லை. இனியும் தர இயலாது. அவருக்கு வேறு யாரும் இல்லை." ராமசாமி கையெழுத்துப் போட்டான். அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. சுப்பையாவிடம் ரேகை வாங்கினேன். மசி பூசிய பெருவிரலை அப்படியே தூக்கி வைத்துக்கொண்டு, "இம்புட்டுத்தானா சார்?" என்றார்.

"அவ்வளவுதான்" என்றேன்.

பென்சன் சாங்ஷன் ஆயிற்று. சில வாரங்களில் ராமசாமி ஆபீசுக்கு வந்து என் மேஜை முன்னால் நின்றான்.

"பென்சனை நிப்பாட்டிருங்க சார்."

"ஏம்பா?"

"மொத மணியார்டர் வந்த அன்னைக்கே அண்ணன் வீட்டை விட்டுப் போயிட்டாரு. பஸ் நிக்க இடத்துல பழைய பருத்திக் கொட்டகை கிடக்குல்லா, அங்கன இருக்காரு. நானும் எங்க வீட்டுக்காரியும் எம்புட்டோ கூப்பிட்டுப் பாத்தாச்சு. கொண்டுபோற சோத்தத் தொட மாட்டேங்காரு. நீங்க சொன்னா கேப்பாரு."

மறுநாளே போனேன். கொட்டகையில் மூன்று கல் கூட்டி, தடவித் தடவிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார் சுப்பையா. கையில் சுட்ட தழும்புகள். என் குரலை உடனே கண்டுகொண்டார்.

"தம்பி சொன்னது ஆபீசுக்காகங்க. உங்க நல்லதுக்குத்தான் சொன்னாரு" என்றேன்.

"தெரியும் சார். எனக்காகத்தான் சொன்னான்."

"பிறகு என்ன?"

கஞ்சியைக் கிண்டிவிட்டார். "கண்ணு இருந்தா அப்ப அவன் மூஞ்சியப் பாத்திருப்பேன். எனக்குச் சத்தம் மட்டுந்தான வந்துச்சு. அவன் சொன்னான், பொறவு நீங்களும் படிச்சீங்க. சோத்துல கைய வச்சா அதுதான் கேக்கும்."

"நான் பாத்தேன்யா. சொல்லும்போது அவர் முகமே சரியில்ல. வேர்த்துக் கொட்டிச்சு."

"அத எழுதுனீயளா சார்?"

எழுதவில்லை. அதற்கு ஃபாரத்தில் இடமும் இல்லை. கஞ்சி குடிக்கச் சொன்னார். குடித்துவிட்டு வந்தேன். அன்று என் அறையில் ஸ்டவ் பற்றவைக்கத் தோன்றவில்லை.

அவர் திரும்பிப் போகவே இல்லை. ஒன்றரை வருஷம் கழித்து நான் மாற்றலாகிப் போகும்போதும் அந்தக் கொட்டகையில்தான் இருந்தார். ராமசாமி பிறகு ஆபீசுக்கு வரவில்லை. சந்தையில் ஒரு தடவை எதிரே வந்தவன், என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அதற்குப் பிறகு எத்தனையோ பென்சன் மனுக்கள் விசாரித்தேன். உறவினர் வாக்குமூலத்தை மட்டும் மனுதாரர் காதில் விழ வாங்கியதில்லை. தெருமுனைக்குக் கூட்டிப்போய், மெதுவாகப் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிவிடுவேன். முப்பது அடி தள்ளிப் போய் நிற்க விதிகளில் எந்தத் தடையும் இல்லை. அன்றைக்கும் இருக்கவில்லை.