மாப்பிள்ளைக்கு வைத்த ரிசீவர்

கல்முனையில் ஒரு கடைக்குள் என்னை உட்கார வைத்துவிட்டு, மருமகன் ஹோம் தியேட்டருக்கு, ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவர் பார்க்கிறார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழும்பி வாசலுக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன். கடைக்காரர் ஒன்றைப் போட்டுக் காட்ட, முதுகுக்குப் பின்னால் ஹெலிகொப்டர் பறக்கிறது. யுத்த காலத்தில் கேட்டு ஓடி ஒளிந்த அந்தச் சத்தத்தை நம்மூர் ஆட்கள் காசு கொடுத்துக் கேட்கும் காலமும் வந்துவிட்டது.

"நீங்க படிச்ச ஆள் மாமா, எது நல்லம்?"

படித்த ஆள்தான். அதுதான் வில்லங்கம். பெட்டியைத் திறந்ததும், சாமான் உடையாமல் பொதிந்து வைக்கும் வெள்ளை ரிஜிபோமின் வாசம் அடித்தது. இதே வாசத்தோடுதான் கட்டாரிலிருந்து கேசட் பெட்டியும் சேர்ந்த ஒரு ரிசீவர் கொண்டுவந்தேன். அங்கே கணக்கெழுதிக்கொண்டிருந்த நாட்களில், அதைத் தெரிவுசெய்ய வெள்ளிக்கிழமைகளில் கடைகடையாக அலைந்தேன். விளக்கப் புத்தகத்தைப் பரீட்சைக்குப் போல மனனம் செய்தேன். அறையில் கூட இருந்த சம்மாந்துறைக் கூட்டாளி கேட்டான்: "மச்சான், நீ ரிசீவர் வாங்கிறியா, பொண்ணு பாக்கிறியா?"

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். நாம் பின்னறைக்கு ஒதுங்குவோம். ஆகவே மகள் பள்ளிக்கூடம் போகும்போதே, வீட்டின் நல்ல சாமான்கள் எல்லாம் யாரென்றே தெரியாத ஒருவருக்குச் சொந்தமாகிவிடும். நானும் பொலித்தீனைக் கழற்றாமல் ரிசீவரை மண்டபத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

மனைவியின் தம்பி குவைத்தில் சாரதி. அப்போது கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் கதைத்து, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவார்கள். எங்கள் சின்ன டேப்பில் அவன் குரல் இழுபட்டு, யாரோ கிழவன் கதைப்பதுபோல வரும்.

"இஞ்சருங்க, தம்பிட கேசட்ட ஒருக்கா அந்தப் பெரிய செட்டுல போடுங்களேன். அவன்ட குரலாக் கேக்கணும்."

"விசரா உனக்கு? மாப்பிள்ளைக்கு வெச்ச சாமான்."

"அந்த மாப்பிள்ள இப்ப எந்த ஊட்டுல மூக்கு வடிக்காரோ" என்று சிரித்தாள். அடுத்த விடுமுறைக்கு வந்தபோதும் கேட்டாள். நான் அதே பதிலைச் சொன்னேன். பிறகு கேட்கவில்லை.

தம்பி வாகன விபத்தில் மௌத்தானான். அங்கேயே அடக்கிவிட்டார்கள். செய்தி வந்த கிழமை நானாகவே அலுமாரியைத் திறந்து, கேசட்டைக் கொண்டு வா என்றேன்.

"இப்ப வேணாம்" என்றாள்.

நான் திரும்பவும் பூட்டினேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவளும் மௌத்தான பிறகுதான் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. மருமகன் பொலித்தீனைக் கழற்றி, பின்பக்கத்தைத் திருப்பி வயர் செருகும் இடங்களைப் பார்த்தார். "மாமா, இதுல இப்பத்த டிவிய கொழுவ ஏலா."

இப்போது விலை உயர்ந்த ஒன்றில் கை வைத்தபடி நிற்கிறார். "இத எடுத்து வெச்சா என்ட மகள்ட காலத்துக்கும் கிடக்கும்."

"இண்டைக்கே கொழுவுறண்டா எடுங்க மருமகன்."

கேசட்டில் கதைத்து அனுப்புகிறவர்கள் இன்று யாருமில்லை. கட்டாரில் இருப்பவனின் முகமே கைபேசியில் வருகிறது. மனைவி சேர்த்து வைத்த தம்பியின் கேசட்டுகள் சுனாமியில் கடல் வந்த அன்று குசினியோடு போய்விட்டன. அலுமாரியின் மேல்தட்டில் இருந்த ரிசீவரில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை.