அக்காவுக்குக் கேட்கும் சுரங்கள்

குழுவில் எல்லோரும் அவனை ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் நெட்டை என்று நினைத்துவிட வேண்டாம். சராசரிக்கும் ஒரு பிடி குறைவுதான். கிட்டாரில் தனியாகச் சோலோ வாசிக்கச் சொன்னால் ஸ்கேலின் ஏழு சுர வரிசையைப் பிடித்துக்கொண்டு கீழிருந்து மேலே ஏறுவான், பிறகு மேலிருந்து கீழே இறங்குவான். அவ்வளவுதான் சங்கீதம் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தான். பெயர் வைத்தது அவனுடைய அக்கா. தம்பிக்குப் பட்டப்பெயர் வைக்க அவளைவிட்டால் வேறு யாருக்கு உரிமை?

பகலில் அவன் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை பார்த்தான். பவர் போட்டு வந்த லென்ஸை ஃப்ரேமின் அளவுக்குத் தேய்த்து உட்காரவைக்கும் வேலை. லென்ஸின் மையத்தில் மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்த பிறகுதான் மெஷினில் மாட்டுவான். புள்ளி மயிரிழை விலகினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வரும். இப்படி வேலை பார்க்கிறவன் கிட்டாரை மட்டும் வேறு மாதிரியா பார்ப்பான்? எந்தப் பாட்டானாலும் இந்தக் கார்டுக்கு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுக்கு, இந்த ஸ்கேல், அடுத்த கார்டுக்கு அடுத்த ஸ்கேல் என்று விரலுக்கு வழி போட்டுக்கொள்ளாமல் தந்தியைத் தொட மாட்டான்.

அக்கா வேறு ரகம். ஒரு டாக்ஸி கம்பெனியில் நாள் முழுக்க போன் எடுத்து விலாசம் கேட்டு எழுதிக்கொள்வாள். வீட்டுக்கு வந்ததும் கீபோர்டு. அவளுக்கு வழியும் வேண்டாம், வாய்க்காலும் வேண்டாம், காது சொன்ன இடத்துக்கு விரல் போகும். தம்பி தப்பாக வாசித்தால் வாசிப்பதை நிறுத்தாமலே வாயால் திட்டுவாள். அவன் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே தொடங்கிய திட்டு அது. ஒரு சுரம் பிசகினால் சமையலறையிலிருந்து குரல் வரும். உயிரை வாங்குகிறாள் என்று அவன் அலுத்துக்கொள்வான். ஆனால் அவள் வாயைத் திறக்காத நாளில்தான் சரியாக வாசித்தோம் என்று அவனுக்கு நிம்மதி வரும். வேறு யார் கைதட்டினாலும் அந்த நிம்மதி வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு டிரைவிங் ஸ்கூலின் மாடியறையில் கூடுவார்கள். ஸ்கூல் டிரம்மருக்குச் சொந்தம். சுவர் முழுக்கச் சாலைவிதிப் படங்கள். ‘ஒலி எழுப்பாதீர்’ என்ற பலகைக்கு நேர் கீழேதான் அந்த மனிதர் டிரம்ஸைப் போட்டு உடைப்பார். அடிச்சுரங்களுக்கான பேஸ் கிட்டார் அத்தான், அதாவது அக்காவின் கணவர். வீட்டிலும் அதிகம் பேசமாட்டார், பேஸிலும் நாலு சுரத்துக்கு மேல் பேசமாட்டார்.

இவர்கள் வாசித்த ஜாஸ் ஃப்யூஷன் பாட்டுகளில் ஒன்று அக்காவே போட்டது. பாட்டின் நடுவே தம்பிக்கென்று ஒரு சோலோ ஒதுக்கியிருந்தாள். பாசத்தில் ஒதுக்கினாளா, பழிவாங்க ஒதுக்கினாளா என்று தெரியாது. கார்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தாவிக்கொண்டே இருந்தன. ஒரு ஸ்கேலில் மூச்சுவிடுவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். முதல் நாள் அவன் ஒவ்வொரு கார்டிலும் தடுக்கி விழுந்தான்.

“கார்டு மாறும்போதெல்லாம் வீடு காலி பண்ற மாதிரி மூட்டை கட்டாதடா,” என்றாள் அக்கா. “இந்த ஸ்கேலுக்கும் அடுத்ததுக்கும் ஆறு சுரம் ஒண்ணுதான். மாறுறது ஒண்ணே ஒண்ணு. அதைப் பிடி. அப்பதான் கேக்குறவனுக்குக் கார்டு மாறினதே தெரியும்.”

பல மாதம் மண்டையை உடைத்துக்கொண்டான். கார்டு மாறும் சில திருப்பங்களில் இரண்டு மூன்று சுரம் மாறியது. ஆனால் பாட்டின் உயிரே மூன்றாவது திருப்பத்தில் இருந்தது. அங்கே அக்கா சொன்னபடி ஒரே ஒரு சுரம் அரைப்படி, அதாவது கிட்டார் கழுத்தில் ஒரு ஃப்ரெட் கம்பி தூரம், கீழே இறங்கும். அந்த இடத்தில் விரல் சரியாக இறங்கினால் பாட்டே ஒரு பெருமூச்சு விடும். அங்கிருந்து மெல்ல மேலேறி, மெல்லிய தந்தியின் உச்சியில், கிட்டாரின் உடம்பை ஒட்டிய கடைசி ஃப்ரெட்டுகளில் சோலோவை முடித்தான். டிரம்மர் குச்சியைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு ஒரு வாரம் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த ஞாயிறு சுருதி சேர்க்கும்போது, அந்தக் கடைசி ஃப்ரெட்டில் விரலை வைத்துக்கொண்டு, “சரியா இருக்காக்கா?” என்று கேட்டான்.

“முதல்ல அடிடா, அப்புறம் கேளு,” என்றாள்.

டிரம்மர் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவன் அடித்திருந்தான். இன்னொரு முறை அடித்தான். அக்கா இன்னும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் தலையைக் குனிந்துகொண்டு பேஸின் வாரைச் சரிசெய்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

டாக்ஸி கம்பெனிக்கும் தெரிந்திருந்தது. விலாசங்களைத் தப்பாக எழுதி, வண்டிகள் சம்பந்தமில்லாத தெருக்களில் போய் நின்ற பிறகு, அவளைப் போனிலிருந்து எடுத்துவிட்டார்கள். உள்காதில் வந்த நோய் என்றார் டாக்டர். மேல் ஒலிகள் முதலில் போகும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வரும், நிறுத்த மருந்து இல்லை. காதில் மாட்டும் மெஷின் பேச்சுக்கு உதவியது. பாட்டைத் தகரத்தில் தட்டுவதாக ஆக்கியது. போகாத ஒலியை மட்டும் வெறுங்காதால் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏன்க்கா சொல்லல?”

“சொன்னா? லென்ஸ் தேய்ச்சுப் போட்டுவிடுவியா?”

“அப்ப என் சோலோ?”

“பாதி வரைக்கும் கேட்டுச்சு. அப்புறம் நீ மூஞ்சிய அஷ்டகோணலா வச்சிருந்த. நல்லா வாசிக்கிறன்னு புரிஞ்சுக்கிட்டேன்.”

மாடிப்படியில் உட்கார்ந்து அவன் அழுதான். அவள் வாயைத் திறக்காததை வைத்து ஒரு வாரம் மிதந்தவன். திட்டாததற்குக் காரணம் இதுவா? நூலகத்தின் சின்ன மண்டபத்தில் அவர்கள் வாசிப்பதாக ஏற்பாடாகியிருந்தது. அங்கே அந்தச் சோலோவை, அவள் போட்ட பாட்டின் மேல், முதலிலிருந்து முடிவுவரை ஒரு தடவையாவது அவள் காதில் போட்டுவிட வேண்டும். வேறு எதுவும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

அக்கா வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவன் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அடித்தான். கேட்டால் அவள் விரலைத் தூக்க வேண்டும். அவள் விரல் எழாத இடத்தில் கிட்டார் கழுத்தின்மேல் கடைப் பேனாவால் சிவப்புப் புள்ளி வைத்தான். அதற்கு மேலே போகக்கூடாது. மறுவாரம் சோதித்தால் எல்லை இறங்கியிருந்தது. பழைய புள்ளியைக் கட்டைவிரலால் அழித்துவிட்டுப் புதிய புள்ளி வைத்தான். தினமும் கடையில் எத்தனையோ புள்ளிகளை அழிக்கிறவன்தான். ஆனால் இதை அழிக்கும்போது கை கூசியது.

“என்னடா, வெள்ளம் வடியுற கணக்கா பாக்குற?” என்றாள் அக்கா. சொல்லிவிட்டு அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சோலோ முழுவதையும் தடித்த தந்திகளுக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. சொல்வதற்குச் சுலபம். மேலே இருக்கும்வரை ஒரு ஸ்கேலின் வடிவத்தை விரல்கள் அப்படியே நகர்த்திக்கொண்டு போகலாம். கழுத்தின் தலைப்பக்கக் கோடியில், விரல் படாத திறந்த தந்திகள் குறுக்கே வந்து எல்லா வடிவத்தையும் குலைத்துவிடும். அதே சுரங்கள்தான், விரலுக்கு மட்டும் வழி புதிது. தனக்குத் தெரிந்த பாட்டை வேறொருவன் கையால் வாசிப்பதுபோல் தடுமாறினான். போதாக்குறைக்கு அங்கே பேஸும் வந்து மோதியது.

“அத்தான், சோலோவுல நீங்க கொஞ்சம்...” என்று இழுத்தான்.

“நான் வாசிக்கல,” என்றார் அத்தான். “உன்னோடது மட்டும் அவளுக்குக் கேக்கட்டும்.” அவர் அவ்வளவு பேசி அவன் கேட்டதே இல்லை.

நூலக மண்டபத்தில் அன்று சாயங்காலம் நாற்காலிகள் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தன. அக்கா ஸ்பீக்கரை ஒட்டிக் கீபோர்டைப் போட்டுக்கொண்டாள். சோலோ வந்ததும் அத்தான் கையை எடுத்தார், டிரம்மர் குச்சியை வைத்துவிட்டு மெல்லிய பிரஷ்ஷுக்கு மாறினார். அவன் தடித்த தந்திகளில் ஆரம்பித்தான். முதல் திருப்பம் தாண்டியது. இரண்டாவதும் தாண்டியது. மூன்றாவதில் ஐந்தாம் தந்தியின் முதல் ஃப்ரெட்டில் இறங்க வேண்டிய விரல், பழைய வழக்கத்தில் இரண்டாவதில் விழுந்தது. புதிய கார்டின் மேல் பழைய சுரம். சமாளித்துக்கொண்டு, எல்லையைத் தாண்டாமல், கடைசிவரை கீழேயே முடித்தான்.

கைதட்டல் சுமாராக இருந்தது. “என்ன ஏணி, இன்னிக்கு மேல ஏறவே இல்ல?” என்று டிரம்மர் காதோரம் கேட்டார். அவன் காதில் அது விழவில்லை. அக்காவையே பார்த்தான். அவள் முகம், சோற்றில் கல் கடிபட்டதுபோல் சுளித்திருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

பின்னறையில் வயர்களைச் சுருட்டும்போது அவள் வந்தாள்.

“ஏன்டா, மூணாவது திருப்பத்துல பழைய சுரத்தையே அடிச்சல்ல? எத்தனை வருஷமா சொல்றேன் மாறுறதைப் பிடின்னு!”

“கேட்டுச்சாக்கா?”

“செவிடிக்கே கேக்குது, உனக்குக் கேக்கலையா?”

அவன் சிரித்தான், சிரித்துக்கொண்டே அழுதான், அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். வாழ்நாளில் வாங்கிய திட்டிலேயே இனிப்பான திட்டு அது. “அடுத்த தடவை கண்டிப்பா சரியா வாசிச்சுடுறேன்க்கா,” என்றான்.

அக்கா கீழே கிடந்த வயரை எடுத்துச் சுருட்டத் தொடங்கினாள். “வாசி,” என்றாள். “வாசிச்சா வந்து சொல்லு.”

அதற்கு மூன்றாம் மாதம் அத்தானின் பேஸ்கூட அவளுக்குக் கேட்காமல் போனது. கீபோர்டுக்கு டிரம்மர் வேறொருவரைப் பிடித்தார். பாட்டு மட்டும் அக்காவுடையது. அவன் இப்போதெல்லாம் அதைத் தப்பில்லாமல் வாசிக்கிறான். கேட்பவர்கள் எத்தனை சொன்னாலும் மேலே போவதில்லை. மூன்றாவது திருப்பத்தில் அந்தச் சுரம் அரைப்படி இறங்க வேண்டிய இடத்தில் இறங்குகிறது. வாசித்து முடித்ததும் நேராக அக்கா வீட்டுக்குப் போவான். அவளுக்கு எதிரே உட்கார்ந்து, அவன் உதட்டசைவை அவள் படிக்கும்படி ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்வான்: “இன்னிக்கு, சரியா, வாசிச்சேன்.”

“பொய்,” என்பாள் அக்கா. “உன்னை எனக்குத் தெரியாதா?”

அத்தானைச் சாட்சிக்குக் கூப்பிடுவான். அத்தான் தலையை ஆட்டுவார். “அவரும் உன் கட்சி,” என்பாள்.

அவன் மறுபடியும் சொல்வான், இன்னும் நிறுத்தி, இன்னும் வாயைப் பெரிதாகத் திறந்து. சரியாக வாசித்தது உண்மை என்று அவளை நம்பவைக்க இருந்த ஒரே வழி அவள் காதுதான்.