அம்மா கேட்டருகே வைத்த களா

வீட்டுக்குப் பின்னால் அவ்வளவு இடம் இருக்க, எல்லாரும் வந்து போகும் கேட்டை ஒட்டி முள் நிறைந்த களாச்செடியை அம்மா ஏன் வைத்தார்கள்? ஓராண்டாக யோசிக்கிறேன், விடை தெரியவில்லை.

அம்மா பிறந்தது டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில். மணமாகிக் காளவாசலுக்கு வந்தார்கள். அப்பா வேலை பார்த்த மில் மூடியபின், ஜாக்கெட் தைத்தே எங்களைப் படிக்கவைத்தார்கள். சொந்த வீடு கட்டியதும், பிறந்த ஊரின் களாப்பழ விதையைப் பால் பாக்கெட்டில் முளைக்கவைத்து நட்டார்கள்.

பெரியம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "முள்ளும் பாலும் உள்ள செடி வீட்டுக்கு ஆகாதுடி."

"பால் காய்ச்சித்தானக்கா இந்த வீட்டுக்கே வந்தோம். பால் எப்படி ஆகாமப் போகும்?"

"அப்ப முள்ளு?"

"முள்ளு மாதிரி நீயும்தான் வந்து போற, ஆகாமயா போச்சு?"

பெரியம்மாவே சிரித்துவிட்டார்.

அரிசி களைந்த தண்ணீரைத் தவிர அதற்கு எதுவும் ஊற்றியதில்லை. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற கோடையில் முருங்கையே வாடிவிட்டது. களா மட்டும் வெள்ளை வெளேரென்று பூத்தது, தெருவெல்லாம் வாசம். பச்சைக் காய் சிவந்து, பிறகு கறுத்துப் பழமாவதைத் தினமும் பார்ப்பேன். அந்தக் காய்ந்த மண்ணில் இம்புட்டுச் சாறு எங்கிருந்து வந்தது என்று இன்னும் வியப்புதான்.

அம்மா காலமான அன்று, பாடை திரும்ப இடம் போதவில்லை. அத்தை மகன் அரிவாளோடு வந்தார்.

"களாவ வெட்டிட்டா நேராத் தூக்கிரலாம் மாமா."

அப்பா குனிந்து பார்த்தார். முட்களுக்குள் ஒரு கொண்டைக்குருவி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"வேணாம் மாப்ள. தலைக்கு மேல தூக்கிக்கங்க. வேட்டும் போட வேணாம்."

கையெட்டும் தூரத்தில் அத்தனை பேர், அத்தனை அழுகை. குருவி எழவில்லை. அதற்கு மேலாக அம்மா போனார்கள். அழக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

அன்று தோள் கொடுத்த உறவினர்களுக்கும், ஆஸ்பத்திரியில் அம்மாவோடு தங்கிய பெரியம்மாவுக்கும், கூடவே நின்ற தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இப்போது என் மகள் நடக்கத் தொடங்கிவிட்டாள். பழத்தைக் கண்டால் கை நேரே செடிக்குள் போகிறது. "கண்ணுல குத்திட்டா என்ன செய்வ? வெட்டிரு" என்கிறார் என் கணவர். அவர் சொல்வது சரி என்று தோன்றுகிறது. மறுநாள் பூவைப் பார்த்தால் மனம் மாறிவிடுகிறது.

சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் களா வளர்த்தவர்கள் இதைப் படித்தால், கீழ்க்கிளைகளை எந்த மாதம் கழிக்கலாம், கழித்தால் மறுபடி காய்க்குமா என்று தயவுசெய்து சொல்லுங்கள். வெட்டிவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைச் சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறது.