ஸ்ரீவராகம் மாமி பொரித்துப் பார்த்த பேட்டரித் தாள்

ஆய்வகச் சோதனைக்காகத் திருவனந்தபுரம் போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். என் மானம் போனாலும் பரவாயில்லை.

போன புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறினேன். எழுபது கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம், டிக்கெட் தொண்ணூற்றைந்து ரூபாய். மறுநாள் பத்தரை மணிக்குச் சோதனை. அதை விட்டால் அடுத்த வாய்ப்பு மூன்று மாதம் கழித்துத்தான், அதற்குள் என் ஆய்வு உதவித்தொகை முடிந்துவிடும்.

பேட்டரிக்குள் இரண்டு முனைகளும் தொட்டுக்கொள்ளாமல் நடுவே பிரிப்பான் என்று ஒரு தாள் வைப்பார்கள். நான் செய்திருப்பது நுண்துளை பாலிமர் தாள். துளைகளுக்குள் அயனித் திரவம், அதாவது திரவமாகவே இருக்கும் ஒரு வகை உப்பு. சூட்டில் ஆவியாகாது, எளிதில் தீப்பிடிக்காது. ஆனால் காற்றில் ஈரத்தைக் கண்டால் விடாது. அதனால் எட்டு வட்டத் தாள்களை ஈரம் புகாத உறையில் ஒட்டி, புத்திசாலித்தனமாக, தங்கப்போகும் வீட்டுக்கு வாங்கிய முந்திரிக்கொத்துப் பலகாரப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

தங்கியது கிழக்கேகோட்டையை அடுத்த ஸ்ரீவராகத்தில், தோழியின் அம்மா வீட்டில். விருந்தாளி கொண்டுவந்த பலகாரப் பையை உடனே பிரித்துச் சம்படத்தில் கொட்டி வைப்பது அந்த வீட்டு வழக்கம். எனக்கு அது தெரியாது. அசதியில் பையை அப்படியே மாமியிடம் நீட்டிவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் அடுப்படியிலிருந்து மாமி கேட்டார்: "என்னடிம்மா வடாம் இது? சரியாக் காயவே இல்லே, பிசுபிசுங்கறது. ராத்திரியே கவரைப் பிரிச்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டேன். ஒண்ணைப் பொரிச்சுப் பாத்தேன், எண்ணெயில சும்மாக் கெடக்கு."

"ஐயோ மாமி! வாயில போட்டீங்களா?"

"பொரியாததை யாராவது திம்பாளா?"

எண்ணெயைக் கீழே ஊற்றச் சொல்லிவிட்டு, மிச்சம் ஏழையும் அள்ளிக்கொண்டு ஓடினேன். ஆய்வகம் பன்னிரண்டு கிலோமீட்டர், ஆட்டோ முந்நூறு ரூபாய். வழியெல்லாம் அழுகை. தாள் ராத்திரி முழுக்க ஈரம் குடித்திருக்கும், நாலு வருஷ உழைப்பு போச்சு. பாதி வழியில்தான் உறைத்தது: கடையில் வாங்கும் பிரிப்பான் தாள் கொதிக்கிற எண்ணெயில் சுருண்டு போயிருக்கும். என்னுடையது ஓரம்கூட மடங்கவில்லை.

ஆய்வகப் பொறுப்பாளர் பிஜு பாறசாலைக்காரர். மலையாளம் கலந்த தமிழ். கதையைக் கேட்டுச் சிரித்துத் தீர்த்துவிட்டு, "கரையண்டா மேடம், அழாதீங்க. வெற்றிட அடுப்புல வெச்சா தாள் குடிச்ச வெள்ளம் எல்லாம் போகும். உங்க திரவம் ஆவியாகாதுல்லா? பின்ன என்ன பேடி, என்ன பயம்?" என்றார்.

ஆய்வேட்டில் பக்கத்துக்குப் பக்கம் நானே எழுதிய விஷயம் அது. பயத்தில் மறந்தே போனேன், வெட்கமாக இருந்தது. பிஜு மாலைச் சோதனைக்காரரிடம் பேசி நேரத்தை மாற்றித் தந்தார். நாலு மணிக்கு அடுப்பிலிருந்து எடுத்த ஏழில் ஆறு தேறின. மின்கடத்தல், சூட்டில் சுருங்காமை இரண்டுமே நான் வேண்டிக்கொண்ட அளவுக்கு வந்தன. நாலு வருடமாக எழுதிக்கொண்டிருந்ததை அன்றுதான் நம்பினேன்.

போகிறவர்களுக்கு: மாதிரிகளைத் தனிப் பையில் வையுங்கள், உறைமேல் 'தின்னக்கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதுங்கள். சோதனைக்கு முந்தின நாளே ஊர் போய்ச் சேருங்கள். தெரியாததைப் பொறுப்பாளரிடம் கேளுங்கள், தெரிந்ததையும் கேளுங்கள்.

ஊர் திரும்பத் தம்பானூர் பஸ் நிலையத்தில் ஏறியதும் முடிவுகளைப் பேராசிரியருக்கு அனுப்பினேன். நெய்யாற்றின்கரை தாண்டும்போது பதில் வந்தது: "கடைசி அத்தியாயத்தை எழுத ஆரம்பிம்மா." பக்கத்து சீட்டு அக்கா பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அழுதுகொண்டே சிரித்தால் யார்தான் பயப்பட மாட்டார்கள்?