பானுமதியின் முதல் பாதி

பட்டிமன்றத்தில் முதலில் பேசுகிறவரை யாரும் கேட்பதில்லை. கூட்டம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டும், குழந்தையை அதட்டிக்கொண்டும் இருக்கும்போதே பேசி முடித்துவிட வேண்டும். காட்டூரில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் ஆசிரியையாக இருந்த பானுமதிக்கு வெகுகாலம் அந்த இடம்தான் கிடைத்தது. அவள் ஆசைப்பட்டதோ அணித் தலைவர் நாற்காலிக்கு. தலைவர்தான் கடைசியில் பேசுவார். அப்போதுதான் கூட்டம் வாய் மூடிக் கேட்கும்.

குழுவின் நடுவர் ராசப்பனிடம் அவள் அதைக் கேட்டபோதெல்லாம் மைக்கில்தான் பதில் வந்தது. "பானுமதியம்மா தலைவராகணுமாம். இவங்க வீட்ல தலைவரா இருந்ததாலதான் வீட்டுக்காரர் வெளிநடப்புப் பண்ணிட்டாரு!" கணவன் உண்மையிலேயே விட்டுப் போயிருந்தான். மேடையில் கேலிக்கு ஆளாகிறவர்தான் முதலில் சிரிக்க வேண்டும் என்பது அவர்கள் குழுவின் வழக்கம். அவளும் முதலில் சிரித்தாள்.

அவள் பேச்சுக்கு ஒரு முறை இருந்தது. எதிரணியின் வாதத்தை அவர்களைவிட நன்றாகத் தானே சொல்லிவிடுவாள். பிறகு ஒவ்வொன்றாக உடைப்பாள்.

தொட்டியத்துத் திருவிழாவில் தலைப்பு, 'விடுதலைக்குத் துணை நின்றது அகிம்சையா, ஆயுதமா?' அவள் அகிம்சை அணி. எழுந்ததும், "பகத்சிங்கோட சேத்து மூணு பிள்ளைங்களைத் தூக்குல போட்டாங்களே, அப்ப இந்த மகாத்மா எங்கே இருந்தாரு? வைஸ்ராயோட உடன்படிக்கையில கையெழுத்துப் போட்டுட்டு வந்தவரு, அந்த உசுருங்களை ஒரு நிபந்தனையா வெச்சாரா?" என்று கேட்டாள். கூட்டம் நாற்காலிகளை மறந்தது. பிறகு, தண்டனையை நிறுத்தச் சொல்லிக் காந்தி வைஸ்ராயிடம் பேசியதையும், தூக்கு நாள் காலையில்கூட எழுதியதையும், சிறைகளிலிருந்து தொண்டர்கள் வெளிவர அந்த உடன்படிக்கை வழி செய்ததையும் பொறுமையாக அடுக்கினாள்.

ராசப்பனின் யூடியூப் சானலில் முதல் பாதி மட்டும் வந்தது. 'காந்தியைக் கிழித்த டீச்சர்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

வகுப்பில் பிள்ளைகள் அவள் குரலில் அதைப் பேசிக் காட்டினார்கள். காந்தி மார்க்கெட்டில் தக்காளிக்காரர், "தேசப்பிதாவுக்கே இந்தக் கதின்னா, நான் விலை சொன்னா என்னாகும் டீச்சர்?" என்றார். வீடியோவின் கீழே ஒரு கூட்டம் அவளை வீரத்தாய் என்றது. இன்னொரு கூட்டம் அவள் கணவன் ஏன் போனான் என்பதற்கு விதவிதமாகக் காரணம் எழுதியது.

அவள் ராசப்பன் வீட்டுக்குப் போனாள்.

"மீதியையும் போட்ருங்கய்யா. நான் அவரைத் திட்டவே இல்ல."

"போட்டா யாரும்மா பாப்பாங்க? சண்டை பாக்கத்தான் வருவான். பதில் கேக்க எவன் வருவான்?"

"எங்கப்பா கதர் தவிர வேற கட்டாம செத்தவருய்யா."

"அவருகிட்ட இப்ப போன் இல்லைல்ல? அப்புறம் என்ன?"

அவள் எழுந்தாள். ராசப்பன் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "ஆகஸ்ட் பதினஞ்சு, ஸ்ரீரங்கம் மண்டபம். இதே தலைப்பு. ஆயுத அணிக்கு நீதான் தலைவர். அந்த முதல் பாதியை மட்டும் பேசு. மீதி எதிரணிக்காரன் பாடு."

"எதிரணிக்கு யாருங்கய்யா?"

"சரவணன்."

சரவணன் நன்றாகப் பாடுவார். அதற்கு மேல் அவரிடம் எதுவும் இல்லை. வாசல்வரை போன பானுமதி செருப்பில் கால் நுழைக்காமல் திரும்பி வந்து, "சரிங்கய்யா" என்றாள்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. சரவணன் சினிமாப் பாட்டு பாடினார், மாமியார் ஜோக் சொன்னார், கைதட்டல் வாங்கி உட்கார்ந்தார். கடைசியாகப் பானுமதி எழுந்தாள். அன்று அவள் குரல் அதுவரை இல்லாத உயரத்துக்குப் போனது. கேள்விகளை மட்டும் கேட்டுவிட்டு, மைக்கைப் பிடித்தபடி நடுவரைப் பார்த்தாள். அவருக்குப் பதில் தெரியும். ராசப்பன் மணியைத் தட்டி, "அகிம்சையும் வேணும், ஆயுதமும் வேணும், இப்ப எனக்கு டிபனும் வேணும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

மேடையிலிருந்து இறங்கியவளின் எதிரே ஒரு முதியவர் வந்து நின்றார். "நீ பிள்ளைங்களுக்குப் பாடம் வேற நடத்துறியா?" என்று கேட்டு, முகத்தில் துப்பினார். அவரிடம் மீதியைச் சொல்லிவிட வாயைத் திறந்தாள். அவர் போய்விட்டார்.

பின்னால் ராசப்பன் குரல் கேட்டது. "டேய், எடுத்தியா?"

"பாதிதான் கேமராவுல விழுந்திருக்குங்கய்யா" என்றான் கேமராக்காரன்.

"தலைவரம்மா, அப்படியே நில்லுங்க. துடைச்சிராதீங்க."

பானுமதி முந்தானையைக் கையில் பிடித்தபடி, துடைக்காமல் நின்றாள்.