இடது தோளில் நீலப் பட்டை

நாட்டைப் பறிகொடுத்து ரோமில் தஞ்சம் புகுந்த அரசரின் மகனுக்கு ஆறு வயது. தாய்நாட்டு விசுவாசிகளுக்கு ரகசியமாக அனுப்புவதற்கு அவன் படத்தைப் பிரதி எடுப்பதுதான் செத்திமியாவின் பிழைப்பு. மூலப் படத்தின் கோடுகள் நெடுக ஊசியால் துளையிட்ட தாளைக் கித்தான்மேல் வைத்துக் கரித்தூளைத் தட்டினால் உருவம் இறங்கிவிடும். இந்த முறை அவசரத்தில் தாளைப் புரட்டி வைத்துவிட்டாள். ஒன்பது படங்களிலும் இடம் வலமாகிப் போனது.

பார்க்க வந்த அரசரின் செயலர் ஆர்ச்சிபால்ட் குதித்தார். "என்னம்மா பண்ணி வெச்சிருக்க? அரச குலத்து நீலப் பட்டை இடது தோள்லதானே வரணும்! இதைப் பார்த்தா, போலிப் பிள்ளைன்னு எதிரிங்க சிரிப்பாங்களே!"

செத்திமியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உயரத்தைக் கூட்டச் சொன்னீங்க, கூட்டினேன். பல்லு விழுந்தது தெரியக் கூடாதுன்னீங்க, வாயை மூடினேன். அவன் கண்ணாலகூடப் பார்க்காத கவசத்தை மாட்டிவிட்டேன். அதெல்லாம் போலி இல்லையா, ஐயா?"

"வாயளக்காதே. பட்டையை மட்டும் மாத்து. முகத்தைத் தொட்டுடாதே, அச்சு அசலா இருக்கு."

அப்போதுதான் அவள் முகத்தைக் கவனித்தாள். பையனின் இடது கன்னத்து மச்சம் படத்தில் வலது கன்னத்தில் இருந்தது. செயலர் தினமும் அவன் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்.

ஒன்பது படங்களிலும் பட்டையை மாற்றினாள். மச்சத்தைத் தொடவில்லை.